மூச்சைப் பிடிக்காத நோயாளிக்கு ஒரு மெஷின்

முதலில் போர்டை எழுதக் கொடுத்துவிடுங்கள். 'இங்கு நவீன டிஜிட்டல் எக்ஸ்ரே வசதி உண்டு' என்று பிளெக்ஸ் கடைக்காரரிடம் சொன்னால் போதும். எங்கிருந்தோ ஒரு கோல்டன் ரெட்ரீவரின் சிரித்த முகத்தையும், பக்கத்திலேயே யாரோ ஒரு மனிதனின் விலா எலும்பையும் சேர்த்து மறுநாளே மாட்டிவிடுவார். மெஷின் வர மூன்று மாதம் ஆகும். ஆகட்டும். அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு வாங்காமல் இருக்க முடியாது. வாங்கலாமா வேண்டாமா என்கிற யோசனையிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நான் அப்படித்தான் வாங்கினேன்.

என் கிளினிக் தாராபுரம் பக்கம் ஒரு சந்தை ஊரில் இருக்கிறது. விடியற்காலையில் போன் வந்தால் மாடு, பத்து மணிக்கு மேல் ஆடு, பொழுது சாய்ந்ததும் நாய். பன்னிரண்டு வருடம் கையால் தடவிப் பார்த்தே காலம் தள்ளினேன். எலும்பு முறிந்திருந்தால் விரலுக்கடியில் நறநறவென்று ஓர் உணர்வு வரும். வந்தால் கட்டு, வராவிட்டால் ஊசி. கைமீறிய கேஸ் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். இப்படி நிம்மதியாக இருந்தவன், தூக்கிக்கொண்டு போகிற எக்ஸ்ரே மெஷின் ஒன்றை வாங்கிய அனுபவத்தில் விளைந்தவைதான் இந்த அறிவுரைகள். அப்படியே பின்பற்றினால் என் நிலைமைக்கு நீங்களும் சீக்கிரம் வந்துசேரலாம்.

டெமோவுக்கு வரும் ரெப்பை நன்றாக உபசரியுங்கள். பெட்டியைத் திறந்து மெஷினை எடுத்து வைப்பார். மேசைமேல் படம் விழுகிற பேனலைப் போட்டு, அதன்மேல் தன்னுடைய பைக் சாவிக்கொத்தை வைப்பார். பட்டனை அழுத்துவார். நாலே விநாடியில் லேப்டாப்பில் சாவியின் பல் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற மாதிரி தெரியும்; கீசெயினில் தொங்கும் பிள்ளையாரின் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதுவரை தெரியும். இந்த இடத்தில் நீங்கள் வாயைப் பிளக்க வேண்டும். 'வெளியே ஒரு லேப்ரடார் இளைத்துக்கொண்டு நிற்கிறது, அதன் நெஞ்சை ஒரு படம் எடுத்துக் காட்டுங்களேன்' என்று கேட்டுவிடக் கூடாது. சாவிக்கொத்து மூச்சு விடாது, வாலை ஆட்டாது, ரெப்பின் பேண்ட்டை மோந்து பார்க்காது. கால் ஒடிந்துபோன சாவிக்கொத்தை யாரும் உங்களிடம் தூக்கிக்கொண்டு வரப் போவதுமில்லை. இருந்தாலும் மெஷினின் தரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோயாளி அசையாமல் இருப்பது இந்தத் தொழிலின் ஆதி மரபு. 1895 டிசம்பர் 22ஆம் தேதி, ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரோண்ட்கன் தன் மனைவியின் கையை ஒரு தட்டின்மேல் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். கால் மணி நேரம் அந்த அம்மாள் கையை அசைக்காமல் வைத்திருந்தார். விரல் எலும்புகளும், விரலில் கிடந்த மோதிரமும் படத்தில் விழுந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு ரோண்ட்கனுக்குப் போனது. அசையாமல் இருந்ததற்குத் தனிப் பரிசு ஒன்றும் இல்லை. அந்த மோதிரத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்தது எடை. 'எட்டு கிலோதான் சார், ஒத்தக் கையில தூக்கிடலாம்' என்பார் ரெப். தூக்கிப் பாருங்கள், உண்மைதான். எட்டு கிலோவை இடுப்போரம் தூக்கிப் பார்ப்பது ஒன்று, கட்டுத்தறியில் குந்தி உட்கார்ந்து, கையை நீட்டி, மாட்டின் குளம்புக்கு நேராக அசையாமல் பிடிப்பது வேறொன்று. மூன்றாவது படத்துக்குள் அது அம்மிக்கல் ஆகிவிடும். ஸ்டாண்டு தனியாக வாங்க வேண்டும் என்கிற விஷயம் கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில், 'விருப்பப்பட்டால்' என்ற தலைப்பின் கீழ் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

மெஷின் எப்படி எட்டு கிலோவானது என்று யோசித்தால் தூக்கம் கெடும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒருவரும் சொல்லாத விஷயம் இது. கதிர் எவ்வளவு ஆழம் துளைத்துப் போகும் என்பதைத் தீர்மானிப்பது கிலோவோல்ட். எவ்வளவு கதிர் கொட்டுகிறது என்பது மில்லியாம்பியரை, அதாவது எம்ஏவை, விநாடியால் பெருக்கி வருவது, எம்ஏஎஸ் என்பார்கள். தண்ணீர்க் குழாய் மாதிரிதான். குழாய் பெருத்திருந்தால் குடம் சடுதியில் நிறையும், மெலிந்திருந்தால் நின்றுதான் ஆக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தரையோடு பதித்து வைத்திருக்கும் மெஷின் முந்நூறு, ஐந்நூறு எம்ஏ என்று கொட்டும். அவ்வளவு கொட்டினால் டியூபுக்குள் இருக்கும் உலோகம் உருகிவிடும் என்பதால் அங்கே அது சுழல்கிற தட்டாக இருக்கிறது. சுழற்ற ஒரு மோட்டார், சூட்டைத் தாங்க எண்ணெய், மின்சாரத்தை ஏற்றிவிட ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர். எட்டு கிலோ மெஷினில் சுழல்கிற தட்டு கிடையாது. இருபது முப்பது எம்ஏதான் கொட்டும். எடையைக் குறைக்க அவர்கள் குறைத்தது குழாயின் தடிமனை. ஆகவே குடம் நிறைகிறவரை நிற்க வேண்டியது நீங்களும் நாயும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரியில் எங்கள் வாத்தியார்கள் ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்கள்: உடம்பின் தடிமனை சென்டிமீட்டரில் அள, இரண்டால் பெருக்கு, நாற்பதைக் கூட்டு, அதுதான் கிலோவோல்ட். நன்றாகத் தின்று வளர்ந்த லேப்ரடாரின் நெஞ்சு இருபத்திரண்டு சென்டிமீட்டர் வந்தால் எண்பத்து நான்கு கிலோவோல்ட். நோட்டீசில் 'நூறு கிலோவோல்ட்' என்று போட்டிருக்கிறார்கள், ஆகவே வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். கிலோவோல்ட்டை மேலே ஏற்ற ஏற்ற எம்ஏ கீழே இறங்கும் என்பதை மெஷின் வந்தபிறகு அதன் கையேட்டில் ஓர் அட்டவணையில் பார்த்தேன். எண்பத்து நான்கில் இருபது எம்ஏ. பத்து சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் சிதறும் கதிரை வடிகட்ட கிரிட் போட வேண்டும். போட்டால் கதிர் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஐந்து எம்ஏஎஸ் என்று வையுங்கள். இருபதால் வகுத்தால் கால் விநாடி.

கால் விநாடிதானே? பங்குனி வெயிலில் ஆட்டோவில் வந்து இறங்கிய லேப்ரடார் நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது தடவை இளைக்கும். விநாடிக்கு நான்கு. அதாவது உங்கள் கால் விநாடிக்குள் அது ஒரு முழு மூச்சை இழுத்து விட்டுவிடும். 'மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க, அசையாதீங்க, விடலாம்' என்று எக்ஸ்ரே டெக்னீஷியன் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிராணி பூமியில் ஒன்றுதான், அது உங்களிடம் வைத்தியத்துக்கு வராது. படத்தில் நுரையீரல் இருக்கும். அடைமழையில் பஸ் கண்ணாடி வழியே பார்க்கிற வயற்காடு மாதிரி இருக்கும். அதில் நீர் கோத்திருக்கிறதா, சளி கட்டியிருக்கிறதா என்று கேட்டால் இரண்டும் இருக்கிற மாதிரியும் தெரியும், இரண்டும் இல்லாத மாதிரியும் தெரியும்.

ரெப்புக்குப் போன் போட்டேன். 'சாஃப்ட்வேர் சரி பண்ணிடும் சார்' என்றார். சாஃப்ட்வேர் கறுப்பை இன்னும் கறுப்பாக்கும், வெள்ளையை வெளுக்கும். அசைந்ததை அசையாததாக்க அதனால் முடியாது. சாஃப்ட்வேர் என்றதும் ஞாபகம் வருகிறது. அதில் 'கால்நடை' என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது நல்லது, சுவாரசியமாக இருக்கும். என்னுடையதில் 'குழந்தை, மார்பு', 'பெரியவர், முழங்கால்' என்றுதான் இருந்தது. எங்கள் ஏரியா செம்மறிகளுக்கெல்லாம் இரண்டு வருடம் 'பெரியவர், மணிக்கட்டு' என்ற பெயரில்தான் படம் எடுத்தேன். கம்ப்யூட்டர் கணக்குப்படி என்னிடம் வந்த பெரியவர்கள் பலருக்கு வயது ஏழு மாதம்.

மின்சாரம் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிளக்கில் மாட்டுகிற மெஷினா, பேட்டரி மெஷினா என்று ரெப் கேட்பார். பிளக் வகையில் எம்ஏ கூடுதல், சொல்லப்போனால் அதுதான் நல்ல படம் தரும். ஆனால் சாயங்காலம் தெருவே மோட்டார் போடுகிற நேரத்தில், ஃபேன் சோம்பலாகச் சுற்றும்போது பட்டனை அழுத்தினால், மெஷினும் அதே சோம்பலோடு ஒரு படம் எடுத்துக் கொடுக்கும். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் மேரி கியூரி எக்ஸ்ரே கருவிகளைக் கார்களில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பினார்; கார் எஞ்சினிலேயே ஒரு டைனமோவைப் பூட்டி மின்சாரம் எடுத்துக்கொண்டார்கள். இருபது வண்டிகள் அப்படி ஓடின. அந்த அம்மையார் முதலில் யோசித்தது மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதை. நான் முதலில் யோசித்தது போர்டில் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்பதை.

இனி மாடு. போர்டைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி டாடா ஏஸில் காங்கேயம் பசுவை ஏற்றிக்கொண்டு வருவார். மூன்று நாளாகத் தீவனம் எடுக்கவில்லை, கம்பி கிம்பி முழுங்கியிருக்கும் என்பது அவர் சந்தேகம். சந்தேகம் சரியாகவே இருக்கலாம். மாடு மென்று பார்த்து விழுங்குகிற சாதியில்லை. தீவனத்தோடு கட்டுக்கம்பியும் ஆணியும் உள்ளே போய் இரண்டாம் இரைப்பையில் தங்கும், குத்தும், முன்னால் இருக்கிற இதயம்வரைகூடப் போய்த் தொலைக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. முதுகை அழுத்திக் கிள்ளினால் நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும், உள்ளே குத்துகிற மாடு தாழ்த்த மறுத்து முனகும். காசு செலவில்லாத சோதனை, ஆகவே யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

"ஏனுங் டாக்டரு, மெசின் இருக்குதுன்னு போர்டு போட்டுருக்கீங்களே, ஒரு படம் புடிச்சுப் பாத்தரலாமுங்களே" என்றார்.

வளர்ந்த மாட்டின் வயிற்றைத் துளைத்து மறுபக்கம் வருவதற்கு எட்டு கிலோ மெஷினுக்குத் தெம்பு கிடையாது. கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரிய மெஷினே அதற்கு மூச்சுமுட்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் போர்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததால் எடுத்தேன். கதிர் எட்டாத இடம் எக்ஸ்ரேயில் வெள்ளையாக வரும். ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை வெள்ளைவெளேரென்று ஒரு படம் வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பை உற்றுப் பார்த்தார்.

"உள்ளார பாலு நெறைய இருக்குதுங்" என்றார் திருப்தியாக.

கம்பியாவது பெரிய மெஷினில் தெரியும். நம் ஊர் மாடுகளின் வயிற்றில் மெய்யாகவே குவிந்திருப்பது பிளாஸ்டிக் பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. மாடுகளுக்கு அரசாணை போய்ச் சேரவில்லை. பிளாஸ்டிக் பை எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. துணி தெரியாது. நாய் விழுங்கிய சாக்ஸும் நேராகத் தெரியாது. குடல் உப்பியிருக்கிறதே என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மெஷினைக் கரித்துக்கொட்டுவதே வேலையாகப் போய்விடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே அது ராஜா. கிண்டி ரேஸ் குதிரையின் கணுக்கால், ரேக்ளா காளையின் குளம்பு, ஆட்டுக்குட்டியின் கால், சிப்பிப்பாறை நாயின் முன்னங்கால் என்று மெலிந்த, சதை குறைந்த, அசையாமல் பிடிக்க முடிகிற இடமெல்லாம் அருமையாக வரும். யானையின் பாதத்தைக்கூட இப்படிச் சின்ன மெஷினால் எடுக்கிறார்கள். ரெப் இதைச் சொல்லியிருந்தாலே போதும், நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். 'சுண்டெலி முதல் யானைவரை' என்றார். அதில் யானையின் பாதம் மட்டும் என்பதை விட்டுவிட்டார்.

அசையாமல் பிடிக்க முடிகிற இடம் என்றேன் அல்லவா? யார் பிடிப்பது? நோட்டீசில் வரும் போட்டோவில் ஒரு பீகிள் தானாகவே மேசைமேல் படுத்துக் காலை நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். நம்மிடம் முன்காலைக் கம்பவுண்டர் பிடிப்பார், பின்காலை நாயின் சொந்தக்காரர் பிடிப்பார், தலையை அவர் மச்சினன் பிடிப்பார், மேசையைச் சுற்றி நாலு பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். குடும்பப் படம்தான். மெஷின் வந்த முதல் வாரம் நான் எடுத்த முதல் நல்ல படத்தில் நாயின் கால் எலும்பு தெளிவாக விழுந்திருந்தது. கூடவே எங்கள் கம்பவுண்டரின் மூன்று விரல் எலும்புகளும், மோதிரமும். நூற்றிருபது வருடம் கழித்து ரோண்ட்கனின் படத்தையே திரும்ப எடுத்துவிட்டேன். கம்பவுண்டருக்கு ஒரே சந்தோஷம். வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கிளாரன்ஸ் டாலி என்று ஒருவர் இருந்தார், எடிசனின் உதவியாளர். எடிசன் எக்ஸ்ரே சோதனைகள் செய்த காலத்தில் கையை நீட்டி நீட்டிக் காட்டியவர். முதலில் கைகள் புண்ணாயின, பிறகு புற்றுநோய், பிறகு கைகளையே வெட்டி எடுத்தார்கள். 1904இல் செத்துப்போனார். எடிசன் அதோடு எக்ஸ்ரே பக்கமே திரும்பவில்லை. எங்கள் கம்பவுண்டருக்கு மாதச் சம்பளம் தவிர வேறு கதி இல்லை; கதிர் விழும் இடத்தைக் காட்டுகிற விளக்கு வெளிச்சத்துக்குள் அவர் கை கிடந்ததைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தியவன் நான்.

ஈய ஏப்ரன் போட்டிருந்தாரே என்பீர்கள். ஏப்ரன் சிதறி வருகிற கதிரைத்தான் தடுக்கும். நேர்க்கதிரில் கையை நீட்டினால் அதனால் ஒன்றும் ஆகாது. நாய்க்கு மயக்க ஊசி போட்டு, மணல் மூட்டையை அண்டக்கொடுத்து, எல்லோரும் இரண்டு எட்டு தள்ளிப்போய் நிற்பதுதான் முறை. தூரம் இரட்டித்தால் மேலே விழும் கதிர் கால்வாசியாகிவிடும்; இதைவிட மலிவான கவசம் கடையில் கிடைக்காது. பழைய சாக்கில் சலித்த மணலை நிரப்பி நாலு மூட்டை தைத்தேன். மொத்தச் சாமான்களில் இன்றுவரை ரிப்பேர் ஆகாதது அவைதான். மயக்க ஊசி என்றால் சொந்தக்காரர் முகம் மாறும். 'முழிச்சுக்குமுங்களா?' என்பார். இதே மனிதர் தன் கையைக் கதிருக்குள் நீட்ட ஒரு நொடி யோசித்திருக்க மாட்டார்.

அனுமதி விஷயத்தில் கவனமாக ஏமாறுங்கள். 'வெட்னரிதானே சார், ஒண்ணும் தேவையில்ல' என்று ரெப் சொன்னால் அதை எழுதி வாங்காதீர்கள், எழுதித் தர மாட்டார். எக்ஸ்ரே மெஷினுக்கு மும்பையில் இருக்கும் ஏஇஆர்பி என்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பமெல்லாம் இலோரா என்ற அவர்களுடைய தளத்தில்தான். அறையின் வரைபடம், சுவரின் கனம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றெல்லாம் கேட்கும்போதுதான் உங்கள் எக்ஸ்ரே அறை நேற்றுவரை தீவன மூட்டை அடுக்கிய இடம் என்பது உங்களுக்கே உறைக்கும். கதிரோடு வேலை செய்கிறவர்கள் மேலே பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30 தாண்டக்கூடாது என்பது கணக்கு. பொதுமக்களுக்கு அந்த அளவு 1. மேசையைச் சுற்றி நின்ற நாலு பிள்ளைகளும் பொதுமக்கள்தான். பேட்ஜை பீரோவில் பூட்டி வைத்தால் ரிப்போர்ட் எப்போதும் சுத்தமாக வரும் என்று சக வைத்தியர் ஒருவர் யோசனை சொன்னார். அவர் பீரோவுக்கு இதுவரை ஒரு நோயும் வந்ததில்லை.

பேனல் மெஷினைவிட விலை கூடியது. இது ஒன்றை மட்டும் கேலி இல்லாமல் சொல்கிறேன். கீழே விழுந்தால் போச்சு, நாய் மூத்திரம் இடுக்கில் இறங்கினாலும் போச்சு. ஜவுளிக்கடைக் கெட்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டித்தான் நான் எடுக்கிறேன். படத்துக்கு ஒரு குறையும் வருவதில்லை.

சினை நாய் வந்தால் விருந்து. ஐம்பத்தைந்து நாளுக்கு மேல் குட்டிகளின் எலும்பு தெளிவாகத் தெரியும், மண்டையோட்டை எண்ணிச் சொல்லிவிடலாம். ஏழு என்று சொன்னேன் ஒருமுறை. எட்டு பிறந்தன. எட்டாவது குட்டியின் மண்டை இன்னொன்றின் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது. குறைவாகச் சொல்லி அதிகம் பிறந்ததால் பிழைத்தேன். மறுபடி யார் கேட்டாலும் ஒன்று குறைத்தே சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டியது: கவர். 14க்கு 17 அங்குலம், பிலிம் போடுகிற பெரிய கவர். எல்லாம் டிஜிட்டல், போனில் அனுப்பிவிடுகிறேன் என்றால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெறுங்கையோடு அனுப்பிவிட்டு எக்ஸ்ரேக்குக் காசு கேட்டால் எப்படி? பிலிம் பிரிண்டருக்கு இன்னும் சில லட்சம் என்றதால், சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து அதே பெரிய கவரில் போட்டுக் கொடுக்கிறேன்.

போன வாரம் ஒருவர் முன்னங்கால் ஒடிந்த சிப்பிப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். படம் அற்புதமாக வந்தது. இரண்டு எலும்பும் முறிந்த இடம் கோடு கிழித்த மாதிரி. மருந்துச்சீட்டு தீர்ந்துபோயிருந்ததால் மாத்திரைகளை அந்தத் தாளின் பின்பக்கமே எழுதிக் கொடுத்தேன். கட்டுப் போட்டு முடித்ததும் வாசலுக்குப் போனவர், கவரிலிருந்து தாளை எடுத்து, பிலிமைப் பார்க்கிற மாதிரியே இரண்டு கையாலும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"டாக்டரு, மாத்தரப் பேருதான் தலைமாத்தித் தெரியுதுங். எலும்பக் காணோமே" என்றார்.